காதைத் தொட்ட கை

தகரக் கூரையின் மேல் தடார் என்று ஏதோ விழுந்தது. ஹெப்சி கரித்துணியைத் தேடி எடுப்பதற்குள் அடுப்பில் பால் பொங்கி வழிந்துவிட்டது. விழுந்த பொருள் கூரையில் உருண்டது, நின்றது, எதிர்ப்பக்கம் திரும்பித் துள்ளியது. கடைசியில் யாரும் எதிர்பார்க்காத மூலையில், துணி துவைக்கும் கல்லுக்குப் பின்னால் போய் விழுந்தது.

முட்டை வடிவத்தில் ஒரு சிவப்புத் தோல் பந்து. உருண்டைப் பந்தாக இருந்தால் எங்கே போகும் என்று சொல்லலாம். இது அப்படி இல்லை. ஆறு வருஷத்தில் அந்த வீட்டில் இரண்டு பானைகளையும் ஒரு சுவர்க் கடிகாரத்தையும் உடைத்திருக்கிறது.

“காலைலயே ஆரம்பிச்சிட்டானா உம் புள்ள?” என்று உள்ளேயிருந்து எலியாஸின் குரல் வந்தது.

மகன் ஜோவின் ஆடி ஜெயித்துக் கோப்பையோடு வரும் நாளில் எலியாஸுக்கு அவன் ‘என் பையன்’. பால் பொங்கினால் ‘உம் புள்ள’. ஹெப்சி அதைப் பற்றி வருத்தப்படுவதை எப்போதோ விட்டுவிட்டாள். அடுப்பைத் துடைத்தாள். மீந்த பாலில் தண்ணீர் சேர்த்து வீட்டில் எல்லோருக்கும் டீ போட்டாள்.

ஆம்பூரில் பாலாற்றுக்கு இரண்டு தெரு தள்ளி இருந்தது அந்த வீடு. அண்ணன் தம்பி இரண்டு குடும்பம், ஒரே அடுப்பு. அண்ணன் கிருபானந்தத்துக்கு வேலூரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் ஆபீஸில் வேலை. சபையில் அவர்தான் செயலாளர். பொய் என்ற வார்த்தையைக் கேட்டாலே முகம் சுளிப்பவர். அவர் மனைவி ஃபீபி சபை நடத்தும் ஆரம்பப் பள்ளியில் டீச்சர். அவர்களுடைய ஒரே மகள் கல்யாணமாகி ஓசூரில் இருக்கிறாள். தம்பி எலியாஸ் தோல் பதனிடும் ஷாப்பில் வேலை பார்க்கிறான். ஹெப்சி ஷூ கம்பெனியில் தையல் மிஷின் ஓட்டுகிறாள். அவளுக்கும் எலியாஸுக்கும் ஒரே பிள்ளை ஜோவின்.

அந்தப் பந்து வார்விக் கொண்டுவந்தது. ஷூ கம்பெனிகளில் தோலின் தரம் பார்க்க மெல்போர்னிலிருந்து வருகிற வெள்ளைக்காரர் அவர். முதல் தடவை வந்தபோது சாயங்காலம் பொழுது போகாமல் பாலாற்றில் இறங்கி, கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்த பையன்களிடம் அந்தப் பந்தை எறிந்தார். காலால் உதைக்கலாம், முஷ்டியால் தட்டலாம், மேலே வரும் பந்தை எவன் தோளில் ஏறியாவது பிடிக்கலாம். இரண்டு பக்கமும் நாலு நாலு சவுக்குக் கம்புகள். நடுக் கம்புகளுக்கு இடையில் உதைத்தால் ஆறு புள்ளி. அவர்கள் நாட்டில் இதற்கு ஊரே திரண்டு வருமாம்.

இந்த ஆட்டத்துக்கு வேண்டிய பெரிய மைதானம் ஆம்பூரில் எங்கும் இல்லை, தண்ணீர் இல்லாத பாலாற்றைத் தவிர. அதுவே பையன்களுக்கு நல்லதாகப் போயிற்று. கீழே மணல் இருப்பதால் விழுகிற பயமே இல்லாமல் எகிறினார்கள். புல்லில் ஆடுகிற பிள்ளைகள் எகிறும்போதே எப்படி இறங்குவது என்று யோசிப்பார்கள், இவர்கள் யோசிப்பதே இல்லை என்று வார்விக் சொன்னார். வாணியம்பாடி காலேஜில் உடற்பயிற்சி ஆசிரியராக இருந்த சர்தார் பாஷா பயிற்சி கொடுக்கும் பொறுப்பை எடுத்துக்கொண்டார்.

பையன்களில் ஜோவின் தனி. உயரம் சாதாரணம்தான். கைகள் நீளம். மற்றவர்கள் எகிறிப் பிடிக்கிற பந்தை அவன் சும்மா எட்டிப் பறிப்பான்.

அந்த வருஷம், 2007-இல், வார்விக்கின் ஊரில் உள்ள ஒரு கிளப் வெளிநாட்டுப் பையன் ஒருவனை எடுத்து இரண்டு வருஷம் தங்கவைத்துப் படிக்கவும் ஆடவும் பழக்குவது என்று முடிவு செய்தது. ஒரே நிபந்தனை, பதினேழு வயது முடிந்திருக்கக் கூடாது. மே மாதம் நடந்த தேர்வில் ஜோவின் முதலிடம். வருகிற சனிக்கிழமை ஆற்றில் கடைசியாக அளவெடுத்து, ஓடவைத்துப் பார்த்து, பெயரைச் சொல்லிவிடுவார்கள்.

ஜோவின் பந்தைத் துடைத்துக்கொண்டு நின்றபோது வாசலில் பாஷாவின் வண்டி வந்து நின்றது. வழக்கமாக உள்ளே நுழையும்போதே டீ கேட்பவர் அன்றைக்குக் கேட்கவில்லை. ஸ்டேஷனுக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்த கிருபானந்தத்தை உட்காரச் சொன்னார்.

“ரெண்டு பேப்பர்ல ரெண்டு தேதி இருக்குது, சார்” என்றார். “ஸ்கூல் சர்டிபிகேட்ல ஜூன். பொறப்பு சர்டிபிகேட்ல நவம்பர். ஜூன்னா தம்பிக்குப் பதினேழு முடிஞ்சு போச்சு. நவம்பர்னா இன்னும் பதினாறுதான்.”

அந்த வீட்டில் எல்லோருக்கும் இரண்டு பிறந்த நாள்தான். எலியாஸுக்கு ஒன்று பள்ளிக்கூடம் கொடுத்தது, ஒன்று அவன் அம்மா சொன்னது. அந்தத் தெருவில் யாரைக் கேட்டாலும் அப்படித்தான் சொல்வார்கள். அது ஒரு தப்பு என்று இதுவரை யாருக்கும் தோன்றியதில்லை.

பாஷா மீதியையும் சொன்னார். இரண்டாவதாக வந்த பையனின் அப்பா வார்விக்கிடம் போய்ப் புகார் சொல்லியிருக்கிறார். பிறப்புச் சான்றிதழ் போன மாதம் ஹெப்சியின் தாய்வீடு உள்ள கணியம்பாடியில் வாங்கியது, அது போலி, பையனின் அம்மா காசு கொடுத்து வாங்கியது என்று. வயதைக் குறைத்துக் கொண்டுவந்து நிறுத்துவது இந்த நாட்டில் சகஜம் என்பது வார்விக்குக்கும் தெரிந்திருக்கிறது. பழைய பேப்பர்தான் செல்லும் என்று சொல்லிவிட்டார். பள்ளிக்கூடத்துக்காரர்களே நேரில் வந்து, எங்கள் தேதி தவறு, இப்படித்தான் தவறு நடந்தது என்று சொன்னால் மட்டும் யோசிப்பாராம்.

“சனிக்கிழமைக்குள்ள” என்றார் பாஷா.

எலியாஸ் மனைவியைத் திரும்பிப் பார்த்தான்.

“இப்ப திருப்தியாடி? ஷூ கம்பெனிக்கு ஓடணும்னு நாலு வயசுப் புள்ளய ஸ்கூல்ல தள்ளின. அஞ்சுன்னு எழுதிக் குடுத்த. அன்னிக்கே சொன்னேன்.”

அவன் அன்றைக்குச் சொல்லவில்லை. அன்றைக்கு அவனுக்கு எதுவும் தெரியாது. ஆனால் பன்னிரண்டு வருஷமாகச் சொல்லிக்கொண்டு வருகிறான். வகுப்பிலேயே சின்னப் பிள்ளையாக இருந்து ஜோவின் அடி வாங்கிக்கொண்டு வந்தபோது சொன்னான். கணக்கில் பின்தங்கியபோது சொன்னான். ஹெப்சி பதில் சொன்னதில்லை. டீ டம்ளர்களை எடுக்கும்போது ஃபீபியைப் பார்த்தாள்.

ஃபீபி புடவைக் கொசுவத்தைச் சரிசெய்துகொண்டிருந்தாள். பள்ளிக்கூடத்துக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லிக் கிளம்பினாள். அவளுடைய டம்ளரில் டீ அப்படியே இருந்தது.

*

1995-ஆம் வருஷம் ஆற்று மாசு வழக்கால் பல தோல் ஷாப்புகள் மூடிக் கிடந்தன. எலியாஸ் வேலையில்லாமல் வீட்டில் இருந்தான். கிருபானந்தம் அப்போது தற்காலிக வேலையில் இருந்தார். வீட்டில் எல்லோரும் சாப்பிட்டது ஃபீபியின் சம்பளத்தில்.

அந்த ஜூன் மாதம் ஃபீபியின் வேலைக்கு ஆபத்து வந்தது. பள்ளியில் பிள்ளைகள் குறைந்தால் ஒரு டீச்சரை உபரி என்று எழுதிவிடுவார்கள். கடைசியாகச் சேர்ந்தவள் ஃபீபி. வெயிலில் குடையைப் பிடித்துக்கொண்டு தெருத் தெருவாகப் போனாள். பிள்ளை பிடிக்கப் போவது என்று டீச்சர்களே அதைச் சொல்லிச் சிரிப்பார்கள். தோல் ஷாப்புகள் மூடியதால் பல குடும்பங்கள் ஊரை விட்டே போயிருந்தன. ஒன்றாம் வகுப்பில் ஒரு தலை குறைந்தது.

ஒரு சாயங்காலம் துணி துவைக்கும் கல்லருகில் ஹெப்சியிடம் வந்து நின்றாள். ஜோவினைக் கொடு என்று கேட்டாள். அவனுக்கு இன்னும் ஐந்து ஆகவில்லையே என்றாள் ஹெப்சி. ஃபீபி அழுதாள். தன் புருஷனுக்குத் தெரியக் கூடாது என்றாள். அவர் சபையில் பிரசங்கம் செய்கிற மனுஷன், தெரிந்தால் முகத்தில் முழிக்கமாட்டார் என்றாள்.

ஹெப்சி அப்போதும் சரி என்று சொல்லிவிடவில்லை. அந்தக் காலத்தில் பள்ளியில் சேர்க்க யாரும் சான்றிதழ் கேட்டதில்லை. பிள்ளையின் வலது கையைத் தலைக்கு மேலாகப் போட்டு இடது காதைத் தொடச் சொல்வார்கள். தொட்டால் ஐந்து வயது. தொடாவிட்டால் அடுத்த வருஷம் வா. ஹெப்சியையும் அப்படித்தான் சேர்த்தார்கள். தேதி மனுஷன் எழுதுவது, கை கர்த்தர் கொடுத்தது என்பது அவளுடைய நம்பிக்கை.

“கை எட்டினா சேத்துக்குங்கக்கா” என்றாள். “எட்டலைன்னா திருப்பிக் கூட்டினு வந்துடுங்க. எட்டாத புள்ளய எட்டுச்சுன்னு எழுதவாணாம்.”

மறுநாள் ஷூ கம்பெனி வாசலில் ஆள் எடுத்தார்கள். ஹெப்சி அங்கே போய் வரிசையில் நின்றாள். ஜோவினை ஃபீபி இடுப்பில் தூக்கிக்கொண்டு பள்ளிக்குப் போனாள். சாயங்காலம் வந்தபோது ஃபீபியின் முகத்தில் பழைய களை திரும்பியிருந்தது.

“எட்டிடுச்சு ஹெப்சி. உன் புள்ளைக்கு நீளக் கை” என்றாள்.

எட்டிவிட்டது என்றால் அப்புறம் பாவம் ஒன்றும் இல்லை. ஹெப்சி அன்றைக்கு நிம்மதியாகத் தூங்கினாள். ஃபீபியின் வேலை தப்பியது. அந்தச் சம்பளத்தில் வீட்டுக்குக் கூரை மாறியது, எலியாஸின் ஆஸ்பத்திரிச் செலவு நடந்தது, ஜோவின் படித்தான். அவசரக்காரி என்ற பெயர் மட்டும் ஹெப்சிக்கு நிலைத்தது.

*

பாஷா வந்துபோன அன்று சாயங்காலம் ஃபீபி அதே கல்லருகில் வந்து நின்றாள். பன்னிரண்டு வருஷத்தில் அவளுக்குத் தலை பாதி நரைத்திருந்தது. பழைய தலைமையாசிரியை மே மாதம் ஓய்வு பெற்றுவிட்டார். அந்த இடம் ஃபீபிக்கு என்று பேச்சு. உத்தரவு இந்த மாதக் கடைசியில் வரும்.

எங்கள் தேதி தவறு என்று எழுதிக் கொடுத்தால் ஏன் என்று கேட்பார்கள். அந்த வருஷத்துப் பிள்ளைகளின் எண்ணிக்கையையே கிளறுவார்கள். உத்தரவு நின்றுபோகும், விசாரணை வரும், சபை முழுக்கத் தெரியும். இதையெல்லாம் ஃபீபி மெதுவான குரலில் சொன்னாள். ஹெப்சி சட்டைக் காலருக்குச் சோப்பு போட்டுக்கொண்டே கேட்டாள்.

“என்னைக் காட்டிக் குடுத்துடாத ஹெப்சி...”

“நான் இன்னாக்கா சொல்லப் போறேன்? இவ்ளோ நாள் சொன்னேனா?”

ஃபீபி அவள் தோளைத் தொட்டாள். ஹெப்சி சட்டையைத் தண்ணீரில் அலசிப் பிழிந்தாள்.

மறுநாள் கம்பெனியில் அரை நாள் லீவு சொல்லிவிட்டு பாஷாவின் வீட்டுக்குப் போனாள். தப்பு தன்னுடையது என்றாள். வேலைக்குப் போகும் அவசரத்தில் தான்தான் வயதைக் கூட்டிச் சொன்னதாகவும், எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுவதாகவும் சொன்னாள். பாஷாவின் மனைவி வஜீதா அவளை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தாள். பாஷா தலையைச் சொறிந்தார்.

“நீங்க சொன்னா செல்லாது தங்கச்சி. பெத்தவங்க எல்லாருமே அப்பிடித்தான் சொல்லுவாங்க. ஸ்கூல்தான் சொல்லணும். டீச்சர் உங்க வீட்லயே இருக்காங்களே, அவங்க ஏன் பேசமாட்டேன்றாங்க?”

ஹெப்சி தண்ணீரைக் குடித்து முடித்தாள். அக்காவுக்குப் பழையது எதுவும் ஞாபகமில்லை என்று சொல்லிவிட்டு எழுந்தாள்.

கம்பெனியில் கதை அதற்குள் பரவிவிட்டது. சாப்பாட்டு நேரத்தில் அவள் பக்கத்தில் உட்காருகிற சகீனா மட்டும் எப்போதும்போல் உட்கார்ந்தாள். மற்றவர்கள் ஒரு பலகை தள்ளிப் போனார்கள். அடுத்த மிஷின்காரி, போலிச் சான்றிதழ் எங்கே மலிவாகக் கிடைக்கும், தன் பெண்ணுக்கு வயது குறைக்க வேண்டும் என்று கேட்டுச் சிரித்தாள்.

வீட்டில் குடும்ப ஜெபத்தின்போது கிருபானந்தம் பைபிளை மூடிவைத்துவிட்டு, ஒரு பொய் ஒரு தலைமுறையைக் கெடுக்கும் என்று சொன்னார். யாரையும் பார்த்துச் சொல்லவில்லை. அவர் பக்கத்தில் முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு ஃபீபி குனிந்திருந்தாள். எலியாஸ் இன்னும் நேராகப் பேசினான். சனிக்கிழமை கழிந்ததும் கணியம்பாடிக்குப் போய் அம்மா வீட்டில் கொஞ்ச நாள் இரு, உன்னைப் பார்த்தால் எரிச்சல்தான் ஜாஸ்தியாகுது என்றான். ஹெப்சி இரண்டு புடவைகளை மடித்து ஒரு பையில் வைத்தாள்.

இதையெல்லாம் அவளால் தாங்க முடிந்தது. ஜோவின் பேசியதைத்தான் தாங்க முடியவில்லை.

அவன் சண்டை போடவில்லை. வெள்ளிக்கிழமை காலையில் கம்பெனிக்குக் கிளம்பும்போது அவளுடைய சாப்பாட்டுப் பையை எடுத்துக் கொடுத்தான். கொடுத்துவிட்டுக் கேட்டான்.

“ஒரு வருஷம் என்னைய வீட்ல வெச்சினு இருக்க முடியலியாம்மா உனக்கு?”

“ஜோவின்...”

“ஸ்கூல்ல சேர்ந்த நாள் எனக்கு நல்லா ஞாபகம் இருக்குது. நீ வரவேயில்ல. பெரியம்மாதான் இருந்தாங்க. என் தலை மேல கைய வெச்சுப் புடிச்சினே இருந்தாங்க. அந்தக் கை சூடா இருந்தது. அது ஒண்ணுதான் ஞாபகம்.”

ஹெப்சிக்கு நாக்கின் நுனி வரைக்கும் வந்தது. ஒரு வார்த்தை போதும். உள்ளே ஃபீபி பள்ளிக்குப் போகப் புடவை கட்டிக்கொண்டிருந்தாள், ஜன்னல் திறந்திருந்தது. அவளுக்குக் கேட்டிருக்கும். ஹெப்சி பையை வாங்கிக்கொண்டாள்.

“பஸ் போய்டும்” என்று சொல்லிவிட்டு நடந்தாள்.

அன்று அவள் தைத்த தோலில் ஊசி இரண்டு முறை உடைந்தது. பன்னிரண்டு வருஷமாக அந்த மிஷினில் உட்கார்ந்தவளுக்கு அது அவமானம். சூப்பர்வைசர் வேறு ஊசி கொடுத்தார்.

*

சனிக்கிழமை காலையில் பாலாற்று மணலில் நல்ல கூட்டம். பையன்களைவிட அப்பாக்கள் அதிகம். புகார் சொன்னவர் வார்விக்கின் நாற்காலிக்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தார். எலியாஸ் தள்ளி ஒரு வேலிக்காத்தான் செடி ஓரம் பீடி பிடித்தான். ஹெப்சி கூட்டத்துக்குப் பின்னால், தெரிந்தவர்கள் இல்லாத இடமாகப் பார்த்து நின்றாள். கணியம்பாடிக்குப் போகிற பை அவள் கையில் இருந்தது.

பாஷா எல்லாப் பையன்களோடும் ஜோவினையும் ஆடவிட்டார். பேப்பர் எப்படி இருந்தாலும் ஆட்டத்தை வார்விக் கடைசியாக ஒரு தடவை பார்க்கட்டும் என்பது அவர் எண்ணம். ஜோவின் ஆடினான். ஒரு பந்து உயரமாக வந்தபோது மூன்று பேர் எகிறினார்கள். மூவருக்கும் மேலே ஒரு கை போய் அதைப் பறித்தது. கைதட்டல் எழுந்தது. எலியாஸ் பீடியை எறிந்துவிட்டு இரண்டடி முன்னால் வந்தான்.

அளவெடுக்கும் நேரம் வந்தது. சுவர் இல்லாததால் ஒரு லாரியின் பக்கப் பலகையில் நிறுத்திப் பையன்களின் உயரம் பார்த்தார்கள். பிறகு இரண்டு கைகளையும் விரிக்கச் சொல்லி டெய்லர் டேப்பால் அளந்தார்கள். ஜோவினின் கைகளை அளந்த வார்விக் டேப்பைத் திரும்பவும் சரிபார்த்தார். உயரத்தைவிடக் கைகளின் விரிவு ஒரு சாணுக்குப் பக்கமாக அதிகம். அவர் ஏதோ சொல்லித் தலையை ஆட்டினார். இப்படி ஒரு பையனைப் பேப்பருக்காக விட்டுப் போவதை நினைத்தால் வயிறு எரிகிறது என்கிறார் என்று பாஷா தமிழில் சொன்னார்.

சொல்லிக்கொண்டே இருந்தவர் சட்டென்று நின்றார். ஜோவினின் வலது கையைப் பிடித்து அவன் தலைக்கு மேலாகப் போட்டார். விரல்கள் இடது காதைத் தாண்டித் தாடை வரைக்கும் வந்தன. கூட்டம் சிரித்தது. பாஷா சிரிக்கவில்லை. வார்விக்கிடம் வேகமாக இங்கிலீஷில் பேசினார். பிறகு எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்.

“நமக்கு ஏன் இது தோணல பாருங்க. அந்தக் காலத்துல வயசு எப்பிடிப் பாத்தாங்க? இப்பிடித்தானே. இவ்ளோ நீளக் கை இருக்கற புள்ள நாலு வயசுலயே காதைத் தொட்டிருக்கும். டீச்சரும் அஞ்சுன்னு நம்பி எழுதியிருப்பாங்க. யாரு மேலயும் தப்பு இல்ல. கைதான் ஏமாத்திடுச்சு.”

வார்விக்குக்கு அது பிடித்துவிட்டது. அவர் ஜோவினின் கையையும் காதையும் மாறி மாறிப் பார்த்தார். பள்ளிக்கூடத்தார் யாராவது வந்து இப்படித்தான் நடந்தது என்று சொன்னால் போதும், பையன் பெயரை இப்போதே எழுதுகிறேன் என்றார். புகார் சொன்னவர் ஏதோ முணுமுணுத்தார். யாரும் அவரைக் கவனிக்கவில்லை. எல்லோரும் கரைப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

கரையில் ஸ்கூட்டரை நிறுத்திவிட்டுக் கிருபானந்தமும் ஃபீபியும் இறங்கி வந்துகொண்டிருந்தார்கள். ஃபீபியே வர வேண்டும் என்று சொன்னாளா, அவர் கூட்டிக்கொண்டு வந்தாரா என்று ஹெப்சிக்குத் தெரியவில்லை. பாஷா நாலே எட்டில் அவர்களிடம் போய் விஷயத்தைச் சொன்னார்.

“ஆமான்னு ஒரு வார்த்தை சொல்லுங்க டீச்சர். கை எட்டிச்சு, நம்பிட்டோம்னு. பேஜார் முடிஞ்சுது.”

கிருபானந்தம் பெருமூச்சு விட்டார். அவருக்கு அது பெரிய ஆறுதல்.

“அப்படின்னா எங்க வீட்டு டீச்சர் மேல ஒரு குத்தமும் இல்ல. நாலு வயசுப் புள்ளய அஞ்சுன்னு சொல்லி அனுப்பினாளே, ஹெப்சி, அவதான் ஏமாத்தினது. டீச்சர் ஏமாந்துட்டாங்க, அவ்ளோதானே?”

அவர் சொன்னது எல்லோருக்கும் கேட்டது. எலியாஸ் மண்ணைப் பார்த்தான். கூட்டத்தில் சில தலைகள் ஹெப்சியின் பக்கம் திரும்பின.

ஹெப்சி பையைக் கீழே வைத்தாள். ஃபீபி அவளைத்தான் தேடினாள். கண்கள் சந்தித்தபோது ஹெப்சி மெல்லத் தலையை அசைத்தாள். சொல்லிவிடுங்கள் அக்கா, எனக்கு ஒன்றும் இல்லை என்பது அதன் அர்த்தம். ஜோவின் போகட்டும். உங்களுக்கு உத்தரவு வரட்டும். எனக்கு இந்தப் பெயர் பழகிவிட்டது. அதோடு கை எட்டியது உண்மைதானே. அவள் அதைப் பன்னிரண்டு வருஷமாக நம்பியிருந்தாள்.

ஃபீபி புருஷனையும் பாஷாவையும் தாண்டிப் போனாள். செருப்பு மணலில் புதையப் புதைய நடந்தாள். பாதி வழியில் செருப்பைக் கழற்றி விட்டுவிட்டாள். ஜோவின் இன்னும் வலது கையைத் தலைமேல் போட்டபடியே நின்றுகொண்டிருந்தான். எடுக்க வேண்டுமா, வைத்திருக்க வேண்டுமா என்று யாரும் அவனிடம் சொல்லவில்லை.

அவன் முன்னால் வந்து நின்றாள். அவன் இப்போது அவளைவிட உயரம். அவள் கையைத் தூக்கி அவன் தலைமேல் வைக்கப் போனாள், எட்டவில்லை. பெரியம்மாவுக்கு எட்டவில்லையே என்று அவன் தானாகவே தலையைச் சாய்த்துக் கொடுத்தான். தலை சாய்ந்ததும் அவன் விரல்கள் காதிலிருந்து இன்னும் கீழே இறங்கின.

ஃபீபியின் உள்ளங்கை அவன் தலையில் படிந்தது. ஜோவின் நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தான். ஏதோ ஞாபகம் வந்தவன்போல, அப்புறம் அம்மா நின்ற பக்கம் திரும்பினான். ஃபீபி கையை எடுக்காமலே ஹெப்சியைப் பார்த்துப் பேசினாள். வகுப்பில் கடைசி பெஞ்சு வரைக்கும் கேட்கிற குரல் அது.

“அன்னிக்கு எட்டலடி ஹெப்சி... எட்டலைன்னா திருப்பிக் கூட்டினு வாங்கன்னு நீ சொன்ன, நான்தான் இதோ இந்த மாதிரி இவன் தலையச் சாய்ச்சுப் புடிச்சுத் தொட வெச்சேன்.”